சைக்கிளைக் கொஞ்சம் பிடிங்க சார்!

பஞ்சர் ஒட்டுவது எப்படி என்று கேட்டால் பத்து வயசுப் பையன்கூட கடகடவென்று ஒப்பித்துவிடுவான். டியூபை வெளியே இழு, தண்ணீரில் முக்கு, குமிழி வருகிற இடத்தைத் தேய், சொல்யூஷன் தடவு, துண்டை ஒட்டு, தட்டு. தீர்ந்தது விஷயம். ஆனால் இத்தனையும் நடக்கிறபோது சைக்கிள் எப்படி இருக்க வேண்டும்? நிற்க வேண்டுமா, படுக்க வேண்டுமா, தலைகீழாகத் தவம் பண்ண வேண்டுமா? இந்தக் கேள்விக்கு மட்டும் ஆளுக்கொரு பதில். எங்கள் ஆபீசில் ஒருநாள் டீ நேரத்தில் இந்தப் பேச்சு வந்து, டீ ஆறிப்போய், ஹெட்கிளார்க்கும் டெஸ்பாட்ச் கிளார்க்கும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

நான் சொல்வது அந்தக் கறுப்பு சைக்கிளைப் பற்றி. 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், முழு செயின் கவர், பின்னால் கேரியர். எடை சுமார் இருபது கிலோ. நம் தாத்தாவும் அப்பாவும் ஓட்டியது, நாமும் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டது. அதை வடிவமைத்த வெள்ளைக்காரர் மகா புத்திசாலி. வண்டி ஓட்டாமல் இருக்கிறபோது நிற்பதற்கு ஒரு பெரிய இரட்டைக்கால் ஸ்டாண்டு வைத்தார். தூக்கிப் போட்டால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி அந்தரத்தில் சுற்றும். அட, பஞ்சர் ஒட்ட இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும் இல்லையா?

அங்கேதான் சூட்சுமம். ஸ்டாண்டை எங்கே மாட்டியிருக்கிறார் தெரியுமோ? பின்சக்கரத்தின் அச்சிலேயே. அதே அச்சில்தான் கேரியரின் கம்பி, மட்கார்டின் கம்பி எல்லாம் வந்து சேருகின்றன. ஒரே நட்டு, கூட்டுக் குடும்பம். சக்கரத்தைக் கழற்ற அந்த நட்டைத் திருகினால் முதலில் காலை வாரிக்கொண்டு விழுவது ஸ்டாண்டுதான். எந்த வேலைக்காக வண்டியை நிறுத்தினோமோ, அந்த வேலை ஆரம்பித்த மறு நிமிஷம் நிறுத்தியது நிற்காது. சில ஆபீஸ்களில் ஃபைல் நகர்வதும் இப்படித்தான். அதை விடுங்கள்.

சரி, கவிழ்த்துவிடலாம் என்பது ஹெட்கிளார்க் கட்சி. சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில், இரண்டு சக்கரமும் வானத்தில். இங்கிலீஷ் புத்தகங்களில் படம் போட்டுக் காட்டுகிற முறை. பார்க்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் நம் சைக்கிளில் ஹேண்டில்பாருக்கு மேலே மணி இருக்கிறது. முன்னால் டைனமோ லைட்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. கவிழ்த்ததும் முதலில் தரையைத் தொடுவது அவைதான். 'ட்ரிங்' என்று ஒரு அபயக்குரல் கேட்கும், அதற்குப் பிறகு அந்த மணி ஜென்மத்துக்கும் 'டக்' என்றுதான் அடிக்கும். லைட்டோ, அதன்பின் ரோட்டைக் காட்டாது, நட்சத்திரங்களைக் காட்டும். டெஸ்பாட்ச் கிளார்க் ஒருமுறை கேரியரில் டிபன் பாக்ஸ் இருப்பதை மறந்து கவிழ்த்து, வத்தக்குழம்பு மட்கார்டு வழியாக இறங்கி செயினுக்குள் போய்விட்டது. ஆறு மாசம் அந்த சைக்கிள் பக்கத்தில் போனாலே பசி எடுக்கும்.

படுக்க வைப்பது இன்னொரு கட்சி. இது நம் மண்ணின் முறை. செஞ்சி வாரச்சந்தைப் பக்கம் அந்தக் காலத்தில் வண்டிமாட்டுக்கு லாடம் அடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நாலு காலையும் கயிற்றால் கட்டி ஒரு சாய்ப்பு சாய்ப்பார்கள். மாடு பொத்தென்று பக்கவாட்டில் விழும். அந்தக் கணக்குத்தான். ராஜா தேசிங்குக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர் ஏறிப் போனது குதிரை. லாடக்காரன் ஒரு காலைத் தூக்கிப் பிடித்தால் மிச்சம் மூன்று காலில் அதுவே நின்றுகொள்ளும். இரண்டு சக்கரத்தில் ஒன்றைக் கழற்றியும் நிற்கிற சைக்கிள் இதுவரை பிறக்கவில்லை.

எங்கள் ஊர் மேல்சித்தாமூர். செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு ஊர் பேர் சொன்னால், ஜைனக் கோயிலைப் பார்க்க வந்தவர்களுக்கு மட்டும் தெரியும். தமிழ்நாட்டுச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. பார்சுவநாதர் கோயில் கோபுரம் வயல்வெளியில் தூரத்திலிருந்தே தெரியும். வியாபாரம் பண்ணுகிற வடநாட்டு ஜெயின்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இவர்கள் தலைமுறை தலைமுறையாக நெல்லும் மல்லாட்டையும் போடுகிற அசல் தமிழ் விவசாயிகள். நயினார் என்று பட்டம். நாங்கள் அவர்கள் இல்லை என்றாலும் ஒரே ஊர்த் தண்ணீர்.

அந்தப் பக்கத்து ரோடுகளில் பஞ்சர் என்பது பருவமழை மாதிரி அல்ல, வருஷம் பூரா உண்டு. காரணம் வேலிக்காத்தான். சீமைக் கருவேல மரத்துக்கு எங்கள் ஜில்லாவில் அதுதான் பேர். வேலியைக் காக்கிறதோ இல்லையோ, சைக்கிள் கடையைக் காத்துக்கொண்டிருந்தது. அடுப்புக்கு வெட்டித் தலைச்சுமையாக எடுத்துப் போகிறபோது ரோட்டில் ஒரு மிலாறு விழும். அந்த முள் காய்ந்துவிட்டால் ஆணிக்கு அண்ணன். டயருக்குள் போய் முறிந்து உட்கார்ந்துகொண்டு வெளியே தலைகாட்டாது. அதைத் தேடாமல் டியூபை மட்டும் ஒட்டி உள்ளே திணித்தால், நாலு பர்லாங்கில் மறுபடி 'புஸ்'.

கடைக்காரர் இந்த விஷயத்தில் கில்லாடி. புளியமரத்தடிதான் கடை. கிளையிலிருந்து ஒரு பழைய சைக்கிள் செயின் தொங்கும், முனையில் இரும்புக் கொக்கி. சீட்டுக்கடியில் கொக்கியை மாட்டினால் வண்டி ஊஞ்சல் மாதிரி அந்தரத்தில் நிற்கும். ஆனால் அந்தக் கொக்கியை அவர் லேசில் தொட மாட்டார். சாதாரண பஞ்சர் என்றால் சக்கரத்தைக் கழற்றுவதே கிடையாது! வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கும். செயின் இல்லாத இடது பக்கமாக டயரின் ஓரத்தை லீவரால் நெம்பி, ஓட்டையுள்ள பாகத்தை மட்டும் குடலை உருவுகிற மாதிரி வெளியே இழுப்பார். பேசினில் முக்குவார். குமிழி கண்ட இடத்தை அரத்தால் தேய்ப்பார். பழைய டியூபில் வெட்டிய துண்டு. சொல்யூஷனைத் தடவிவிட்டு உடனே ஒட்ட மாட்டார். பீடி ஒன்று பற்றவைத்து, விரலால் தொட்டால் ஒட்டாத அளவுக்குப் பசை காய்ந்த பிறகுதான் ஒட்டுவார். அவசரக்காரர்கள் ஈரத்தோடு ஒட்டி இரண்டே நாளில் திரும்பி வருவார்கள். கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு டயருக்குள் விரலை விட்டு ஒரு சுற்று தடவுவார். முள் கிடைத்ததும் முகத்தில் ஒரு களை வரும் பாருங்கள், டாக்டர்கள் தோற்றார்கள்.

"சக்கரத்த ஏன் கழட்டணும்? கழட்டுனா திருப்பி மாட்டணும் இல்ல?" என்பார். இது ஏதோ நம் ஊர் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். இல்லையாம். சைக்கிளிலேயே பிறந்து சைக்கிளிலேயே வளருகிற டச்சுக்காரர்களும் முழு செயின் கவர் போட்ட வண்டிக்கு இப்படித்தான் செய்கிறார்கள்.

பஞ்சர் ஒட்டுவது ஒரு காலத்தில் இதைவிடப் பெரிய கூத்து. 1888-ல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் டன்லப் என்ற மாட்டு வைத்தியர், தன் பையனின் மூன்று சக்கர சைக்கிள் தடதடக்காமல் ஓடுவதற்காகக் காற்றடைத்த டயரைச் செய்து காப்புரிமை வாங்கினார். ஆனால் அந்த டயரைச் சக்கரத்தோடு பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். 1889-ல் பிரான்ஸில் மிஷ்லேன் சகோதரர்களின் ரப்பர் தொழிற்சாலைக்கு ஒரு சைக்கிள்காரர் பஞ்சரோடு வந்து சேர்ந்தார். டயரைப் பிய்த்து ஒட்டவே மூன்று மணி நேரம். பசை காய ராத்திரி பூரா. காலையில் ஓட்டிப் பார்த்தால் மறுபடி காற்றில்லை! அந்தக் கடுப்பில் சகோதரர்கள் கண்டுபிடித்ததுதான் கழற்றி மாட்டுகிற டயர். 1891-ல் அதைப் போட்டுக்கொண்டு ஷார்ல் தெரோன் என்பவர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தில், 1200 கிலோமீட்டர், முதலாவதாக வந்தார். மறு வருஷம் மிஷ்லேன் தானே ஒரு பந்தயம் நடத்தினார். பஞ்சர் ஆனால்தானே தன் டயரைக் கழற்றுகிற சுலபம் தெரியும்? ரோட்டில் ஆணிகளைப் போட்டு வைத்தார்! எங்கள் ஊர்க் கடைக்காரர் மேல் அதே சந்தேகம் எங்களுக்கெல்லாம் இருந்தது. அவருக்குப் பாவம், வேலிக்காத்தானே போதுமானதாக இருந்தது.

ஆக, ஓட்டைக்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். ஆனால் டியூபையே மாற்றவேண்டி வந்தால் என்ன செய்வது? டியூப் ஒரு முழு வளையம். சக்கரத்தை நடுவில் அச்சு பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கமாவது நட்டைக் கழற்றி, ஸ்டாண்டின் கால், கேரியர் கம்பி எல்லாவற்றையும் விலக்கி, அந்தச் சந்து வழியாகப் பழசை எடுத்துப் புதுசை விட வேண்டும். அந்தப் பத்து இருபது நிமிஷத்துக்கு வண்டியை யாராவது தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். கடையில் கொக்கி இருக்கிறது. நடுரோட்டில்?

1989, கார்த்திகை மாசம். விழுப்புரம் தனி மாவட்டம் ஆவதற்கு நாலு வருஷம் இருந்தது. நாங்கள் அப்போது தென்னாற்காடு. திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆபீசில் கிளார்க் வேலை எனக்கு. தினம் சைக்கிள்தான். அன்றைக்கு நாலு மணிக்கே பர்மிஷன் போட்டுக் கிளம்பினேன். அப்பாவுக்கு வீசிங். பனிக்காலம் வந்தால் ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்தபடியேதான் இருப்பார். முந்தின நாளே மாத்திரை தீர்ந்துவிட்டது. செஞ்சியில் விசாரித்துக் கிடைக்காமல், திண்டிவனத்தில் வாங்கிப் பையில் போட்டிருந்தேன். கூடவே ஒரு புது டியூபும். பழையதில் வால்வு அடியில் விரிசல் விட்டிருந்தது. அந்த இடத்தில் ஒட்டு நிற்காது. ஊர் போனதும் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று கேரியரில் கட்டியிருந்தேன்.

அது ஊர்வரை பொறுக்கவில்லை. மெயின் ரோட்டை விட்டு உள்ரோட்டில் திரும்பிக் கொஞ்ச தூரத்தில் 'டப்'. பின்சக்கரம். வால்வு கையோடு வந்துவிட்டது. ரிம்மில் உருட்டினால் ரிம் கோணிக்கொள்ளும். பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டே நடந்தால் ஊர் சேர எட்டு மணி ஆகும். சைக்கிளைப் போட்டுவிட்டு நடக்கலாம். காலையில் வந்து பார்த்தால் சைக்கிள் இருந்த இடம் இருக்கும். அது அப்பாவின் சைக்கிள். அவர் மாசாமாசம் தவணை கட்டி வாங்கியது. சீட்டுக்குப் பின்னால் பையில் ஸ்பேனரும் இரண்டு லீவரும், ஃபிரேமில் பம்பும் இருந்தன. எல்லாம் இருக்கிறது, இரண்டு கை போதவில்லை.

ரோட்டின் ஒரு பக்கம் வாய்க்கால், மழைத்தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் வேலிக்காத்தான், அதற்கும் ரோட்டுக்கும் நடுவே ரெண்டு முழ மண். சாய்த்து வைக்க ஒரு நல்ல மரம் இல்லை. சரி, படுக்கப்போட்டே பார்ப்போம் என்று மண்ணில் சாய்த்தேன்.

"தம்பி... அங்க வேணாம். கொஞ்சம் தள்ளி..."

திரும்பிப் பார்த்தால் ஒரு பெரியவர். எழுபது வயசுக்குக் குறையாது. வெள்ளை வேட்டி, மேலுக்கு ஒரு துண்டு, கையில் மண்வெட்டி. கழனியிலிருந்து வீட்டுக்குப் போகிறார். பக்கத்து ஊர் நயினார் என்று பார்த்ததும் தெரிந்தது.

"ஏங்கய்யா?"

"பாரு, சாரை போவுது." மண்வெட்டிக் காம்பால் காட்டினார். சைக்கிள் விழ இருந்த இடத்தில் எறும்பு வரிசை. மழைக்குப் பயந்து முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டைப் பார்க்க ஓடிக்கொண்டிருந்தன. மண் முழுக்க அந்த வரிசைதான், தள்ளி வைக்கவும் இடமில்லை. எனக்கு உள்ளுக்குள் எரிச்சல் வந்தது, பொய் சொல்வானேன். மனுஷன் நடுரோட்டில் நிற்கிறான், இவருக்கு எறும்புக் கவலை!

"யாரு மவன் நீ?" என்றார். சொன்னேன். "பையில இன்னா?" என்றார்.

"அப்பாவுக்கு மாத்திரைங்க. மூச்சு வாங்குது."

கொஞ்ச நேரம் மேற்கே பார்த்தார். செஞ்சி மலைகளின் பக்கம் சூரியன் ஒரு பனைமர உயரத்தில் இருந்தது. கார்த்திகையில் அஞ்சே முக்காலுக்கெல்லாம் பொழுது விழுந்துவிடும். எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். நயினார் வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். இருட்டின பிறகு அடுப்பும் இல்லை, இலையும் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் சாப்பிட்டால் பூச்சி பொட்டு விழுந்து சாகும் என்று வைத்த நியமம்.

"நேரமாச்சுங்கய்யா, நீங்க போங்க. நான் எப்படியாச்சும் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் அதற்குப் பதிலே சொல்லவில்லை. மண்வெட்டியைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு முறுக்கு முறுக்கினார். சைக்கிளை நிமிர்த்தி நடுரோட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, துண்டைச் சீட்டுக்கடியில் கொடுத்து, இரண்டு முனையையும் முடிபோட்டு, வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு லேசாக நிமிர்ந்தார். பின்சக்கரம் தரையை விட்டு அரையடி எழும்பியது. ஒரு கை பாரில், ஒரு கை கேரியரில். புளியமரத்துக் கொக்கி தோற்றது, போங்கள்!

"கழட்டு" என்றார்.

நட்டு துருப்பிடித்துக் கிடந்தது. ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் சைக்கிள் ஆடுகிறது, அவரும் சேர்ந்து ஆடுகிறார். "இரு" என்று காலை அகட்டி வைத்துக்கொண்டார். "இப்ப போடு." மூன்றாவது தடவையில் நட்டு கிறீச்சிட்டு இளகியது. ஸ்டாண்டின் கால் எதிர்பார்த்தபடியே தொங்கிவிட்டது. டயரை நெம்பிப் பழைய டியூபை உருவி, சந்தில் வெளியே எடுத்து, புதுசை நுழைத்து... சொல்கிறபோது ஒரு வரி. அங்கே அது பெரிய கதை. நடுவில் டயருக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவச் சொன்னார். பழைய முள் முனை ஒன்று வந்தது. அதைத் தூக்கி எறியப் போனேன். "ரோட்டுல போடாத. வேலிக்குள்ள போடு. வேற எவனாச்சும் வருவான்."

அவ்வளவு நேரமும் மனிதர் நின்றார். நான் தலை நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம் அவர் மேற்கே பார்ப்பதை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தார். அவசரப்படுத்தி ஒரு வார்த்தை? கிடையாது. நட்டை முடுக்கி, பம்பு அடித்து, டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறபோது எனக்கே ஸ்பேனர் சரியாகத் தெரியவில்லை. பொழுது போய்விட்டிருந்தது.

துண்டை முடி அவிழ்த்தார். தோளில் ஒரு சிவப்புக் கோடு. "ராத்திரிக்கு..." என்று இழுத்தேன்.

"ஒரு வேளை தானேப்பா. காலையில சாப்புட்டுக்கறேன். நீ அப்பாவப் பாரு" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். வண்டியில் ஏறச் சொன்னேன். "புது டியூபு, எதுக்கு ரெண்டு பேரு?" என்றுவிட்டார்.

வீட்டுக்குப் போனபோது அப்பா திண்ணையில் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்துத்தான் படுத்தார். நடந்ததைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "எறும்பு மிதிபடலியே?" என்று கேட்டார். இல்லை என்றேன். மறு வாரம் ஒரு மூட்டை மல்லாட்டையோடு நானும் அப்பாவும் அவர் வீட்டுக்குப் போனோம். மூட்டையை வாங்க மறுத்துவிட்டார். மத்தியானச் சாப்பாடு போட்டு அனுப்பினார்.

பிரான்ஸ் நாட்டு சைக்கிள் பந்தயத்தைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். 1913-ல் கிறிஸ்டோஃப் என்று ஒரு வீரர், மலையிலிருந்து இறங்குகிறபோது முன் ஃபோர்க் முறிந்துபோய், சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, அடிவாரத்துக் கிராமத்தில் ஒரு கொல்லன் பட்டறையில் நுழைந்தார். அந்தப் பந்தய விதிப்படி யாரும் உதவக் கூடாது. அதிகாரிகள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவரே இரும்பைக் காய்ச்சி, அவரே அடித்து ஒட்டினார். ஆனால் துருத்தி ஊதக் கை போதவில்லை. பட்டறைப் பையன் ஒருவன் ஊதினான். வெளியாள் உதவி என்று நேர அபராதம் போட்டுவிட்டார்கள்! எனக்கு அதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அந்த விதியை எழுதியவரை எங்கள் உள்ரோட்டில், கார்த்திகை மாசம், பின்சக்கரம் வெடித்த சைக்கிளோடு ஒரு சாயந்திரம் விட்டுப் பார்க்க வேண்டும்.

அந்தக் கறுப்பு சைக்கிள்கள் இப்போது அருகிவிட்டன. அட்லஸ் கம்பெனியின் சாஹிபாபாத் ஆலை மூடப்பட்டது 2020 ஜூன் 3-ஆம் தேதி. அன்றைக்கு உலக சைக்கிள் தினம் என்பது தனிக் கூத்து. ஆனால் சைக்கிள் போய்விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் செஞ்சிக்கோட்டைப் பக்கம் போனால், தலையில் பாதிப் பூசணிக்காயைக் கவிழ்த்த மாதிரி தொப்பி போட்டுக்கொண்டு சென்னைப் பையன்கள் கூட்டமாக வருகிறார்கள். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் வரிசையில் செஞ்சியும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து கேட்கவே வேண்டாம். அவர்கள் வண்டியை ஒரு விரலால் தூக்கலாம். சக்கரத்தை ஒரு நெம்பில் கழற்றலாம். ஆனால் ஸ்டாண்டு கிடையாது! எடை கூடிவிடுமாம். கவிழ்க்கலாமே என்றால், ஹேண்டில்பாரில் கியர் சுவிட்சு, மைல் காட்டுகிற கம்ப்யூட்டர் எல்லாம் நசுங்கும். எண்ணெய் பிரேக் வைத்த வண்டியென்றால் தலைகீழாகப் போட்டால் குழாய்க்குள் காற்று ஏறி பிரேக் தொளதொளத்துப் போகலாம். லட்ச ரூபாய் சைக்கிளும் கடைசியில், "அண்ணா, ஒரு நிமிஷம் பிடிச்சுக்கறீங்களா?" என்ற இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது. நான் பிடிப்பேன். பிடித்துக்கொண்டே, "முள்ளு உள்ளே இருக்கான்னு பாத்தீங்களா தம்பி?" என்பேன். பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெண்களுக்கு இந்த விஷயத்தில் இன்னொரு சங்கடம். புதுக்கோட்டை ஜில்லாவில் 1991-லிருந்து அறிவொளி இயக்கம் வழியாக லட்சத்துக்கும் மேல் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதைப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்களாம். பார் மேல் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதிலேயே திருப்திப்பட்டுக்கொண்டார்களாம். எனக்கு அந்தப் பாரின் இன்னொரு உபயோகம் தெரியும். தூக்கிப் பிடிக்க ஒரு பிடி. லேடீஸ் சைக்கிளில் அந்தப் பிடி கிடையாது. தூக்குகிறவன் சீட்டையும் கேரியரையும்தான் நம்ப வேண்டும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், 2012-ல் என் மகள் பதினொன்றாவது படித்தபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள் வீட்டுக்கு வந்தது. வந்த மூன்றாம் வாரமே பின்சக்கரம் பஞ்சர். புளியமரத்தடிக் கடைக்காரர் அதற்குள் பையனோடு சென்னைக்குப் போய்விட்டார். நான் சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் அவள் ஸ்பேனரோடு உட்கார்ந்திருக்கிறாள். ஸ்கூலில் சிநேகிதிகள் சொல்லிக்கொடுத்தார்களாம். எடுத்த எடுப்பில், "முதல்ல வால்டியூப் பாத்தியா?" என்று கேட்டேன். வால்வுக்குள் இருக்கிற அந்தக் குட்டி ரப்பர் குழாய் இற்றுப்போனாலும் காற்று இறங்கும். பத்துக் காசு சமாச்சாரத்துக்கு டயரைப் பிரிக்கிற புத்திசாலிகள் உண்டு.

"பாத்துட்டேன்ப்பா. அது நல்லாத்தான் இருக்கு. டியூபையே மாத்தணும். நீங்க வண்டியப் பிடிங்க."

"நான் மாத்தறேனே..."

"பிடிங்கப்பா!"

துண்டை முறுக்கிச் சீட்டுக்கடியில் கொடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன். அவள் நட்டோடு மல்லுக்கட்டினாள். இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெரியவர் நின்றது எழுபது வயசில். எனக்கு நாற்பத்தைந்து. பத்து நிமிஷத்தில் முதுகு பேச ஆரம்பித்துவிட்டது.

"ஆடாம நில்லுங்கப்பா."

காலை அகட்டி வைத்துக்கொண்டேன். சட்டைப் பையில் செல்போன் வீட்டுக்குள் கத்திக்கொண்டிருந்தது. ஆபீசிலிருந்துதான், மானேஜர். இரண்டு கையும் சைக்கிளில். அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டேன்.

"முள்ளு கிடைச்சிடுச்சு!" என்று கையை நீட்டிக் காட்டினாள். வேலிக்காத்தான்தான். சந்தேகமே இல்லை.